உளுந்து வடையில் வீட்டுக் கணக்கு

செல்பேசியில் செலவுக் கணக்கு எழுதும் செயலி எதையாவது திறந்து பாருங்கள். முதல் திரையில் நட்டநடுவே ஓர் உளுந்து வடை உட்கார்ந்திருக்கும். ஐந்தாறு வண்ணங்கள், நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு தொகை. டோனட் சார்ட் என்று பெயர். டோனட்டைக் கண்ணால் பார்த்திராத ஊர்களுக்கும் சார்ட் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. பரஸ்பர நிதிச் செயலியில் வடை, பங்கு வாங்கும் செயலியில் வடை, இன்று எத்தனை மணி நேரம் செல்பேசியையே முறைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று காட்டும் பகுதியில்கூட வடை.

அழகாகத்தானே இருக்கிறது, அதில் என்ன குறை என்று கேட்பார்கள். அழகாக இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து கோணம் கோணமாகக் கணக்குப் போட்டு அதை வரைந்த நிரலாளரின் உழைப்பிலும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உழைப்பு ஒரு வீட்டின் மாதக் கணக்கைக் காட்டுவதற்குச் செலவாகும்போது அது வீண் உழைப்பு. வீண் என்பதோடு போகவில்லை, கெடுதலும்கூட. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு குடும்பம். மாத வரவு 32,000 ரூபாய். மே மாதம் செலவு 30,000. வாடகை 9,000, மளிகை 7,500, கடன் தவணை 6,000, பிள்ளைகளின் படிப்பு, பேருந்து வகையில் 4,500, மற்றவை 3,000. வடையில் வாடகை 30 சதவிகிதம், மளிகை 25, தவணை 20, படிப்பு 15, மற்றவை 10. கையில் 2,000 மிச்சம்.

ஜூன் பிறக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். படிப்புச் செலவு 18,000 ஆகிவிடுகிறது. மளிகையும் ஏறி 9,000. மற்றதெல்லாம் அப்படியே. மொத்தச் செலவு 45,000. வரவு அதே 32,000தான். பள்ளம் 13,000. கடன் அட்டையிலோ, கைமாற்றிலோ, நகை வைத்தோ அடைத்திருப்பார்கள்.

இப்போது ஜூன் மாத வடையைப் பாருங்கள். வாடகை 20 சதவிகிதம். மே மாதம் 30 இருந்தது, இப்போது 20. வீட்டுக்காரர் ஒரு பைசா குறைக்கவில்லை, ஆனால் துண்டு மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. மளிகையும் 20 சதவிகிதம். மே மாதம் 90 பாகை அகலத்துக்கு இருந்த துண்டு ஜூனில் 72 பாகை. 1,500 ரூபாய் கூடுதலாகச் செலவழித்த வகை, படத்தில் இளைத்துப்போய் நிற்கிறது. அந்த வீட்டில் மளிகைச் சாமான் வாங்குகிறவர் இதைப் பார்த்தால் "பரவாயில்லையே, இந்த மாசம் சிக்கனமா இருந்திருக்கோம்" என்றுதான் நினைப்பார்.

சரி, அந்த 13,000 எங்கே? எங்கேயும் இல்லை. வட்டம் மே மாதமும் முழுசு, ஜூன் மாதமும் முழுசு. 32,000க்குள் அடங்கினாலும் 360 பாகை, ஒரு லட்சம் செலவாகிக் குடும்பம் கவிழ்ந்தாலும் அதே 360 பாகை. நடுவிலுள்ள ஓட்டைக்குள் 45,000 என்று எண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒப்பிட ஆள் இல்லாமல் தனியாக. பக்கத்தில் 32,000 என்று யாராவது எழுதினால்தானே 45,000க்கு அர்த்தம்?

பள்ளியில் வட்ட விளக்கப்படம் வரையச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கலாம். கூறின் மதிப்பை மொத்தத்தால் வகுத்து 360ஆல் பெருக்க வேண்டும். பாகைமானியை வைத்துக் கோடு போட வேண்டும். அந்த 'மொத்தத்தால் வகு' என்ற படியில்தான் எல்லாம் போய்விடுகிறது. வகுத்த நிமிடமே ரூபாய் மறைந்து பங்கு மட்டும் மிஞ்சுகிறது. பங்கு முக்கியமான இடங்கள் உண்டு. கூட்டாண்மையில் மூன்று பேர் இலாபத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பது பங்கு. வீட்டு வரவு செலவில் முதல் கேள்வி பங்கு பற்றியதல்ல. வரவுக்குள் செலவு அடங்கியதா என்பதுதான். அந்தக் கேள்விக்கு வட்டத்தில் இடமே கிடையாது.

இந்த வட்டத்துக்கும் ஒரு பூர்வோத்திரம் இருக்கிறது. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1801இல் வெளியிட்ட புள்ளிவிவரப் புத்தகத்தில்தான் இந்த வகைப் படம் முதன்முதலில் வருகிறது. ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர் இவர். துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியாவில் எவ்வளவு, ஐரோப்பாவில் எவ்வளவு, ஆப்பிரிக்காவில் எவ்வளவு என்று ஒரு வட்டத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கவனியுங்கள், நிலம். நிலத்தில் கழித்தல் குறி கிடையாது. வரவு என்ற இன்னொரு பக்கமும் கிடையாது. மூன்றே துண்டு. வட்டம் அதற்குப் பொருத்தம். அதே பிளேஃபேர் 1786இல் நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதியைக் காட்ட நினைத்தபோது வட்டத்தைத் தொடவில்லை. காலத்தோடு ஓடும் இரண்டு கோடுகளைப் போட்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மிச்சம் என்றும் பற்றாக்குறை என்றும் காட்டினார். வரவும் செலவும் இருக்கிற இடத்தில் இடைவெளிதான் விஷயம் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. செயலி செய்கிறவர்கள் அந்த மனிதரிடமிருந்து தப்பான படத்தை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இனி வரையும் முறைக்கு வருவோம். கூத்து இங்கேதான் அதிகம்.

ஐபோனுக்கு எழுதுகிறவர்களுக்கு 2023இல் ஆப்பிளே இந்தத் துண்டுகளை வரைய ஸ்விஃப்ட் சார்ட்ஸில் செக்டர்மார்க் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டது. ஃபிளட்டரிலோ ஜெட்பேக் கம்போஸிலோ எழுதுகிறவர், வேறு யாராவது எழுதிய நிரல்தொகுப்பை எடுத்துக்கொள்ளாவிட்டால், வெறும் கேன்வாசில் கையால் வில் வில்லாகத்தான் வரைய வேண்டும். பூஜ்யம் என்பது கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில் தொடங்கும். உச்சியிலிருந்து தொடங்க 90 பாகை பின்னால் தள்ள வேண்டும். ஒன்றில் பாகை, மற்றதில் ரேடியன். இதெல்லாம் ஒரு நாள் தலைவலி, சரியாகிவிடும். அதற்குப் பிறகு வருகிற அலங்காரம்தான் சரியாவதில்லை.

முதல் அலங்காரம், துண்டின் முனைகளை உருட்டுவது. மழுங்கிய முனை பார்க்க நன்றாக இருக்கும், ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். ஆனால் முனையை உருட்டும்போது கோட்டின் தடிமனில் பாதி அளவு இரு பக்கமும் வெளியே நீளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தின் நடு ஆரம் 80 அலகு, தடிமன் 20 அலகு என்றால் சுற்றளவு சுமார் 502. ஒரு சதவிகிதத் துண்டின் நீளம் 5 அலகு. முனைக்குப் பத்துப் பத்தாக 20 சேர்ந்தால் 25. அதாவது ஒரு சதவிகிதம் ஐந்து சதவிகிதமாகத் தெரியும்! துண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாக வரையும்போது பின்னால் வருவது முன்னால் வந்ததன் மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே நடுவிலுள்ளவை கொஞ்சம் இடம் மாறித் தப்பித்துவிடும். கடைசியாக வரையப்படும் துண்டு மட்டும் 4 சதவிகிதம் கொழுக்கும், முதலில் வரையப்பட்டது இரு பக்கமும் கடிபட்டு 4 சதவிகிதம் இளைக்கும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி வரைவதுதான் வழக்கம். எனவே வீட்டின் ஆகப் பெரிய செலவு குறைத்துக் காட்டப்படுகிறது, ஆகச் சிறியது ஊதிக் காட்டப்படுகிறது. பேரேட்டில் ஒருவர் இப்படித் தொகையை மாற்றி எழுதினால் அதற்கு வேறு பெயர்.

இரண்டாவது, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவது. துண்டுக்கு 4 பாகை என்று வைத்தால் 12 வகைச் செலவுக்கு 48 பாகை காற்றில் போய்விடும். ஒரு சதவிகிதத் துண்டின் மொத்தக் கோணமே 3.6 பாகைதான். அதிலிருந்து 4ஐக் கழித்தால் கழித்தல் 0.4. வில் தலைகீழாகத் திரும்பும், அல்லது காணாமல் போகும். அப்புறம் அதைத் தடுக்க 'குறைந்தபட்சக் கோணம்' என்று ஒரு விதி போடுவார்கள். சிறியதைப் பெரிதாக்க மற்றவற்றிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிடுங்க வேண்டும். பிடுங்குவார்கள்.

மூன்றாவது, முழு எண்ணாக்குவது. மூன்று சமமான செலவு என்றால் 33, 33, 33. கூட்டினால் 99. முழு எண்ணாக்கிய சதவிகிதத்திலிருந்தே கோணத்தைக் கணக்கிட்ட புது நிரலாளருக்கு வட்டம் மூடாது, 3.6 பாகைக்கு வாய் பிளந்து நிற்கும். என்ன செய்வார்? கடைசித் துண்டை இழுத்து 360இல் முடித்துவிடுவார். வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். இருப்பாய்வு சமமாகாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பார்களே, அதேதான். ஆனால் கணக்கர் அதற்கு அனாமத்து என்று பெயராவது எழுதுவார். தவறைக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை முடிப்பார். இங்கே பெயரும் இல்லை, முடிப்பதும் இல்லை :-)

இதற்கெல்லாம் மேலே அசைவூட்டம் வேறு. திரை திறந்ததும் வளையம் பூஜ்யத்திலிருந்து சுழன்று சுழன்று வளரும். அந்த ஒரு வினாடியில் திரையில் தெரிகிற எந்த அளவும் உண்மை அல்ல. பார்க்கிறவர் கண்ணில் மிக ஆழமாகப் பதிகிற வினாடியும் அதுதான்.

செலவுக் கணக்கிலாவது 15 வகை இருந்தால் ஆறைக் காட்டிவிட்டு மிச்சத்தை 'மற்றவை' என்று சாம்பல் நிறத்தில் தள்ளுவதோடு நிற்கிறார்கள். (தாமதக் கட்டணம், வங்கி பிடித்த தொகை என்று மனிதர்கள் உண்மையில் கோபப்பட வேண்டிய சில்லறைகள் எல்லாம் அந்தச் சாம்பலுக்குள்தான் கிடக்கும்.) முதலீட்டுச் செயலியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கழித்தல் குறி தினசரி விருந்தாளி.

இரண்டு நிதிகளில் ஆளுக்கொரு லட்சம் போட்டார் ஒருவர். ஒன்று 1,40,000 ஆயிற்று. மற்றது 60,000 ஆகத் தேய்ந்தது. வளையத்தில் என்ன தெரியும்? 70 சதவிகிதம் ஒரு நிறம், 30 சதவிகிதம் ஒரு நிறம். அவர் ஏதோ முதலிலேயே எழுபதும் முப்பதுமாகப் பிரித்துப் போட்டவர் மாதிரி இருக்கும். 40,000 ரூபாய் நட்டம் என்பது அந்தப் படத்தில் எந்த மூலையிலும் இல்லை. நட்டத்தை வரைய வட்டத்தால் முடியாது, கழித்தல் 40 சதவிகிதத்துக்குக் கோணம் கிடையாது. எவ்வளவுக்கெவ்வளவு நட்டமோ அவ்வளவுக்கவ்வளவு துண்டு சிறியதாகி, கண்ணிலிருந்து விலகி நிற்கும். கடைக்காரர் கெட்டுப்போன சரக்கைப் பின்வரிசையில் தள்ளி வைப்பாரே, அப்படி. நிரலில் எதிர்மறை எண் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள்தான் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, குறியை உதிர்த்துவிட்டு நேர்மறையாக எடுத்துக்கொள்வது. இரண்டு, பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது. முதலாவது பொய், இரண்டாவது மறைப்பு.

கட்டண விஷயம் இதைவிட நாசூக்கானது. பரஸ்பர நிதிகளில் முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தை 2013 ஜனவரி 1 முதல் கொடுத்தாக வேண்டும் என்று செபி விதி கொண்டுவந்தது. அதே நிதி, அதே பங்குகள், ஆனால் வழக்கமான திட்டத்தில் ஆண்டுச் செலவு விகிதம் கூடுதல். ஒரு சதவிகிதம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவிகிதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 9,64,600. 11 சதவிகிதம் என்றால் சுமார் 8,06,200. (கணக்குக்காகச் சொல்வதுதான், இந்த வளர்ச்சிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.) வித்தியாசம் 1,58,000க்கு மேல். போட்ட முதலைவிட அதிகம்! அந்த ஒரு சதவிகிதத்தை வளையத்தில் வரைந்தால் ஒரு தலைமுடி தடிமன். 20 ஆண்டு என்ற காலம் வட்டத்தில் எங்கும் கிடையாது, காலம் இல்லாவிட்டால் கூட்டு வட்டியும் இல்லை. முதலீட்டாளர் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள், நட்டமும் கட்டணமும். சொல்லிவைத்த மாதிரி இரண்டையும் விழுங்குகிற படத்தைத் தேடிப் பிடித்து முதல் திரையில் வைத்திருக்கிறார்கள். திட்டமிட்டுத்தான் செய்கிறார்கள் என்று சொல்ல ஆதாரம் தேவை. திட்டமிடாமலே நடக்கிறது என்றால் அது இன்னும் கவலைக்குரியது.

அரசாங்கமும் இதற்கு விலக்கல்ல. மத்திய நிதிநிலை அறிக்கையோடு ஆண்டுதோறும் ஒரு படம் வரும். ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு ரூபாயைக் காசு காசாகப் பிரித்த வட்டம். 2024 ஜூலையில் வைத்த 2024-25ஆம் ஆண்டு அறிக்கையில் வருமான வரி 19 காசு, சரக்கு சேவை வரி 18, நிறுவன வரி 17. எல்லாவற்றையும்விடப் பெரிய துண்டு 27 காசு. அது கடனும் பிற பொறுப்புகளும். வரியாக வந்த காசும் கடனாக வாங்கிய காசும் ஒரே வட்டத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒரே மாதிரி 'வரவு'. போகும் பக்கத்தில் வட்டிக்கு மட்டும் 19 காசு. கடனை வருமானம் என்று எழுதினால் முதலாண்டு மாணவருக்கே மதிப்பெண் போகும். வட்டத்தில் வரைந்தால் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடுகின்றன. வட்டம் மூட வேண்டும் என்பதற்காகக் கடனையும் ஒரு துண்டாக்கித்தானே ஆக வேண்டும்?

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டப்படத்தை எல்லோரும் சேர்ந்து அடித்துத் துவைப்பது நாகரிகமாகிப்போன விஷயம், ஆனால் ஆராய்ச்சி அப்படி ஒருதலையாக இல்லை. வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் சோதித்தபோது, ஒரே அளவுகோலில் வைத்த நிலையை மனிதக் கண் நன்றாக மதிப்பிடுகிறது, கோணத்தை அவ்வளவு நன்றாக மதிப்பிடுவதில்லை என்று கண்டார்கள். அதற்கு வெகு முன்னால், 1926இலேயே, வால்டர் ஈல்ஸ் என்பவர் மாணவர்களை வைத்துச் சோதித்து, முழுமையின் பகுதியைப் படிப்பதில் வட்டம் பட்டைக்குச் சளைத்ததல்ல என்று எழுதினார். ட்ரூ ஸ்காவும் ராபர்ட் கொசாராவும் 2016இல் செய்த சோதனையில், நடுவில் ஓட்டை போட்டதால் மட்டும் படிப்பது கெட்டுவிடவில்லை என்று தெரிந்தது. இதையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பங்கு, கடன் பத்திரம், தங்கம் என்று சேமிப்பு மூன்றாகப் பிரிந்திருப்பதைக் காட்ட வளையம் போதும். பாதி தாண்டிவிட்டதா, கால்வாசிதானா என்று சட்டெனத் தெரியும்.

ஆனால் இந்தச் சோதனைகளில் கேட்டதெல்லாம் "இந்தத் துண்டு மொத்தத்தில் எத்தனை சதவிகிதம்?" என்ற வகைக் கேள்வி. ஈரோட்டிலோ விருதுநகரிலோ எந்த வீட்டிலாவது மாதக் கடைசியில் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்களா? "போன மாசத்தைவிட எவ்வளவு கூடிப்போச்சு? தவணை கட்ட மிச்சம் இருக்கா? இந்த 400 ரூபாய் எதுக்குப் பிடிச்சான்?" என்றுதான் கேட்பார்கள். கேள்விக்குத் தக்க படம் வேண்டும். சதவிகிதத்தைச் சரியாகப் படிக்க முடிகிறது என்பதற்காக, சதவிகிதம் தேவையில்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது எந்த ஆராய்ச்சியின் முடிவும் அல்ல.

பின்னே ஏன் எல்லாரும் இதையே வரைகிறார்கள்? காரணம் எளிது. வளையம் எந்தத் தரவைப் போட்டாலும் வட்டமாகத்தான் வரும். பட்டைகள் அப்படி இல்லை. ஒன்று நெடுமரம் மாதிரி நிற்கும், பக்கத்தில் நாலும் குட்டையாகக் கிடக்கும், ஒரு மாதம் விட்டுப்போனால் பல் போன வாய் மாதிரி இருக்கும். வடிவமைப்பவருக்கு அது பிடிக்காது. செயலிக் கடையில் வைக்கிற மாதிரிப் படத்திலும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுகிற மாதிரிப் பணியிலும் வளையம் பளபளவென்று இருக்கும். அந்த மாதிரிப் படங்களில் இருக்கும் தரவைக் கவனித்திருக்கிறீர்களா? 40, 30, 20, 10. கணக்கில் இப்படி ஓடுகிற குடும்பம் எது? அலங்கோலமான பட்டைதான் அந்த வீட்டின் நிஜமான மாதம். அந்த அலங்கோலத்தை வழவழப்பாக்கும் உரிமையை வடிவமைப்பாளருக்கு யார் கொடுத்தது?

பார்வையற்றவர்கள் விஷயத்தை இந்தப் படம் போடுகிறவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? கேன்வாசில் வரைந்த வில், திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்குக்கும் வாய்ஸ்ஓவருக்கும் வெறும் வண்ணக் கறை. நிரலாளர் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக விளக்கம் எழுதிச் சேர்த்தாலொழிய அது வாயே திறக்காது. அதையே சாதாரண வரிகளாக, பெயர் ஒரு பக்கம் தொகை ஒரு பக்கம் என்று போட்டிருந்தால் எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் படித்துச் சொல்லியிருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு எட்டு வண்ண வளையம் ஐந்து வண்ணமாகிவிடும், எந்தத் துண்டு எது என்று வண்ணக் குறிப்பை வைத்துத் தேட அவரால் முடியாது. கண் மங்கிய பெரியவர் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார். எழுத்து வளரும், ஓட்டை வளராது. அதனால்தான் 12,45,300 என்று இருக்க வேண்டியது 12.4லா என்று சுருங்குகிறது.

தமிழில் போட்டால் இன்னும் வேடிக்கை. 'ஃபுட்', 'ரென்ட்' என்று நாலு எழுத்தில் முடிவதற்கென்று செய்த இடத்தில் 'மருத்துவச் செலவு' எப்படி உட்காரும்? 'மருத்து...' என்று வெட்டுப்பட்டு நிற்கும். பக்கத்திலேயே 'மற்ற...'. இரண்டுக்கும் நிறமும் ஏறக்குறைய ஒன்று. தமிழ் இடைமுகம் தந்துவிட்டோம் என்று அறிவிப்பு மட்டும் பெரிதாக இருக்கும்.

சாதாரணச் செல்பேசித் திரையின் அகலம் சுமார் 360 அலகு. அதில் வளையம் 200 அலகு உயரத்தைத் தின்று ஐந்து எண்ணைச் சொல்கிறது, அதுவும் கீழே வண்ணக் குறிப்பு போட்டால்தான் புரியும். அதே 200 அலகில் ஐந்து வரி வைக்கலாம், வரிக்கு 40 அலகு. இடப்பக்கம் வகையின் முழுப்பெயர், வலப்பக்கம் ரூபாய், அடியில் மெல்லிய பட்டை, போன மாதம் எங்கே நின்றது என்று அந்தப் பட்டையில் ஒரு புள்ளி. சின்னத் தரவுக்கு வட்டப்படத்தைவிட அட்டவணையே மேல் என்று எட்வர்ட் டஃப்டி 1983இலேயே எழுதிவிட்டார். செல்பேசி பரவலாகாத காலம் அது. நம் ஊர் மளிகைக் கடை நோட்டு அதற்கும் முந்தியது. பெயர், தொகை, கீழே கூட்டல், அதற்குக் கீழே 'பாக்கி'. அந்தக் கடைசி வரிக்காகத்தான் நோட்டே போடுவது.

கழித்தல் வந்தாலும் பட்டைக்குப் பயமில்லை. நடுவில் ஒரு பூஜ்யக் கோடு. லாபம் வலப்பக்கம் போகும், நட்டம் இடப்பக்கம் போகும். 60,000 ஆன அந்த நிதி இடப்பக்கம் 40,000 நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், மறைக்க முடியாது.

அந்தக் குடும்பத்தின் ஜூன் மாதத் திரையை இப்படிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரே ஒரு நீளப் பட்டை, இடமிருந்து வலமாக 45,000 வரை. 32,000 இருக்கும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு, கோட்டின் தலையில் 'வரவு' என்று ஒரு வார்த்தை. கோட்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் 13,000 மட்டும் வேறு நிறத்தில், பக்கத்தில் தொகையோடு. கீழே ஐந்து வரிகள், படிப்பு முதலாவதாக. வரைய இரண்டு செவ்வகமும் ஒரு கோடும் போதும். பையும் வேண்டாம், ஆரமும் வேண்டாம், மூன்று நாளும் வேண்டாம், அரை நாளில் முடிகிற வேலை. செயலிக் கடை மாதிரிப் படத்தில் இது எடுபடாதுதான். வாடிக்கையாளருக்குப் பள்ளம் விழுந்த மாதத்தை, பள்ளமாகவே முதல் திரையில் காட்டத் துணிகிற செயலி எது என்று பார்க்கலாம்.